பின்குறிப்பு எழுதத் தெரியாதவர்கள்

சமீபத்தில் ஒரு கவிதைத் தொகுப்புக்குக் கூட்டம் நடந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். இருபத்தைந்து பேர் எழுதுகிறவர்கள், மீதி ஐந்து பேர் எழுதப்போகிறவர்கள். தொகுப்பில் பாதிக் கவிதைகள் தேறாது என்று ஒரு இளைஞர் சொன்னார். எந்தெந்தக் கவிதை, ஏன் என்பதையும் சொன்னார். பதில் சொல்ல எழுந்த விமர்சகர் அந்தக் கவிதைகளில் ஒன்றைக்கூடக் கையிலெடுக்கவில்லை. "பௌதிகத்திலேயே ஹைசன்பர்க் வந்து எதுவும் நிச்சயமில்லை என்று நிரூபித்துவிட்டுப் போய்விட்டான். பார்க்கிறவன் பார்ப்பதாலேயே பொருள் மாறிவிடுகிறது. அப்படியிருக்க, இது தேறும், இது தேறாது என்று சொல்ல நாம் யார்?" என்றார். கைதட்டினார்கள். இளைஞர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே வந்த கோபம். இதே வாதத்தை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், 1983-ல் ஒரு சிறு பத்திரிகையில் நான் எழுதியிருக்கிறேன். அன்றும் நாலு பேர் பாராட்டினார்கள். அந்த விவகாரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நம்மவர்கள் பௌதிக விஞ்ஞானிகளை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஒன்று கதாகாலட்சேபம். நியூட்டனுக்கு ஒரு ஆப்பிள், ஐன்ஸ்டீனுக்குச் சாக்ஸ் இல்லாத கால், டிராக்குக்கு மௌனம், ஃபெயின்மனுக்குப் போங்கோ. நாயன்மாருக்கு ஒரு அற்புதம் என்கிற கணக்கில் இவர்களுக்கும் ஆளுக்கொரு விசித்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஃபெயின்மனின் நினைவுகள் 1985-ல் புத்தகமாக வந்ததிலிருந்து அதைச் சொல்லிச் சிரிக்காத இலக்கிய நண்பரை நான் பார்த்ததில்லை. 1965-ல் அவருக்கு நோபல் பரிசு எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். ஒளியும் எலெக்ட்ரானும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தைப் பிசகில்லாமல் கணக்கிட ஒரு வழி கண்டவர் என்ற ஒற்றை வாக்கியம்கூட வராது. திருவல்லிக்கேணி யானை பாரதியைத் தள்ளிய கதை மட்டும் தெரிந்து, அவர் எழுதியதில் ஒரு வரியும் படிக்காத ஆள் பாரதியைப் பற்றிப் பேச வந்தால் நாம் அவரை என்ன செய்வோம்? மேடையை விட்டு இறக்குவோம். விஞ்ஞானி விஷயத்தில் மட்டும் அதே ஆளுக்கு மாலை போடுகிறோம்.

இரண்டாவது விதம் சொற்கொள்ளை. சார்பியல், நிச்சயமின்மை, குவாண்டம், கருந்துளை என்று சொற்களை அவற்றின் வேரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து விமர்சனத்தில் நடுவது. வேர் இல்லாததால் எந்த மண்ணிலும் நிற்கும். எதையும் நிரூபிக்கும். இந்த இரண்டு விதமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் செய்கிற காரியம் ஒன்றுதான். இரண்டுமே வேலையைத் தாண்டிக் குதிக்கின்றன. முதலாமவர் வேலையை விட்டுவிட்டு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் வேலையை விட்டுவிட்டு அதன் பெயரை எடுத்துக்கொள்கிறார்.

கூட்டத்தில் கைதட்டு வாங்கிய ஹைசன்பர்க்கையே எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது என்ன? 1927 மார்ச்சில், 25 வயதில், ஒரு ஜெர்மன் பௌதிகப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். அதன் தலைப்பில் நிச்சயமின்மை என்ற சொல்லே கிடையாது. உள்ளேயும் அவர் பெரும்பாலும் ஆள்வது துல்லியமின்மை என்று பொருள்படும் சொல். எலெக்ட்ரான் இருக்கும் இடத்தில் உள்ள துல்லியமின்மையையும், அதன் உந்தத்தில் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) உள்ள துல்லியமின்மையையும் பெருக்கினால், அந்தத் தொகை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க முடியாது. இவ்வளவுதான். அந்த அளவு என்ன என்பதும் தெரியும். பிளாங்க் மாறிலி என்று ஒரு எண் இருக்கிறது. ஜூல்-வினாடிக் கணக்கில், புள்ளிக்குப் பிறகு 33 சைபர் போட்டு அதன் பிறகு 6626 என்று எழுத வேண்டும். அதை ஏறக்குறைய 12.57-ஆல் வகுத்தால் வருவது அந்தக் கீழ்வரம்பு. 'எதுவும் நிச்சயமில்லை' என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எவ்வளவு தெரியாமல் போகும் என்பதை 33 சைபருக்கு அப்பால் போய் அளந்து சொல்கிற விதி இது. தெரியாமைக்குக்கூடக் கணக்குக் கேட்கிற விதி.

ஒரு கிராம் எடையுள்ள கூழாங்கல்லை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியமாக, ஓரிடத்தில் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். அதன் வேகத்தில் இந்த விதி விட்டுவைக்கிற சந்தேகம், பிரபஞ்சத்தின் வயதாகிய 1380 கோடி ஆண்டுகள் முழுதும் சேர்ந்தாலும், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கில் நாற்பதில் ஒரு பங்கு தூரத்துக்குக்கூட வராது. கூழாங்கல்லின் கதியே இது. நம் கவிதைத் தொகுப்புகள் கூழாங்கல்லைவிடக் கனமானவை, எடையில் மட்டுமாவது.

'பார்ப்பதால் மாறுகிறது' என்பது இன்னொரு கோளாறு. அதே 1927-ல் கென்னார்ட் இந்த விதிக்குச் சரியான கணித வடிவம் கொடுத்தார். அந்த வடிவத்தில் பார்க்கிறவன் என்று யாரும் இல்லை. ஓரிடத்தில் ஒடுங்கிய எலெக்ட்ரானுக்குத் தீர்ந்த உந்தம் என்று ஒன்று இருக்க முடியாது; அதை யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கும் செயல் தரும் உதைதான் காரணம் என்கிற விளக்கம் ஹைசன்பர்க்கின் கட்டுரையிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இதற்கு நாலு வருஷம் பின்னால் போக வேண்டும். 1923 ஜூலை, ம்யூனிக். 21 வயது ஹைசன்பர்க் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் நிற்கிறார். கணிதத்திலும் கோட்பாட்டுப் பௌதிகத்திலும் பிரச்னையில்லை, சாமர்ஃபெல்டின் செல்லப்பிள்ளை. சோதனைப் பௌதிகப் பேராசிரியர் வில்ஹெல்ம் வீன் கேட்கிறார்: மைக்ராஸ்கோப்பின் பிரித்துக்காட்டும் திறன் எதைப் பொறுத்தது? ஹைசன்பர்க்குக்குத் தெரியவில்லை. டெலஸ்கோப்? தெரியவில்லை. சாதாரண மின்கலம் எப்படி வேலை செய்கிறது? அதுவும் தெரியவில்லை. வீன் அவரைத் தோற்கடிக்கவே நினைத்தார். சாமர்ஃபெல்டின் உயர்ந்த மதிப்பெண்ணும் வீனின் தாழ்ந்த மதிப்பெண்ணும் சேர்ந்து, தேறியதிலேயே கடைசிப் படிக்கு அருகில் ஒரு இடம் கிடைத்தது. அன்றிரவே ரயில் ஏறி கோட்டிங்கனுக்குப் போய், இதற்குப் பிறகும் என்னை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா என்று மாக்ஸ் போர்னிடம் கேட்டு நின்றார்.

கதாகாலட்சேபக்காரர் இங்கே நிறுத்திவிடுவார். பரீட்சையில் திணறிய பையன் பின்னால் நோபல் பரிசு வாங்கினான் பாருங்கள், ஆகவே பிள்ளைகளே மனம் தளராதீர்கள். வேலையைப் படிக்கிறவனுக்குத்தான் மீதிக் கதை உண்டு.

1927-ல் கோபன்ஹேகனில், நீல்ஸ் போர் பனிச்சறுக்குக்காக நார்வே போயிருந்த நாட்களில், ஹைசன்பர்க் தன் கட்டுரையை எழுதினார். அதை விளக்க ஒரு கற்பனை மைக்ராஸ்கோப்பை வைத்தார். எலெக்ட்ரானின் இடத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் அலைநீளம் மிகக் குறைந்த ஒளி வேண்டும், காமாக் கதிர். அந்தக் கதிர் எலெக்ட்ரானை உதைத்துத் தள்ளிவிடும். ஆகவே அதன் உந்தம் கெட்டுவிடும். போர் திரும்பி வந்து படித்தார். முடிவு சரி, காரணம் போதாது என்றார். வெறும் உதைதான் என்றால் அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே. கதிர் எந்தத் திசையில் சிதறியது என்று தெரிந்தால் போதும். அது ஏன் தெரியவில்லை? லென்ஸுக்கு அகலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளி அந்த அகலத்துக்குள் எந்தக் கோணத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. லென்ஸின் திறப்பைக் குறுக்கினால் கோணம் தெளிவாகும். ஆனால் பிரித்துக்காட்டும் திறன் போய்விடும், எலெக்ட்ரான் இருக்கும் இடம் மங்கிவிடும்.

மைக்ராஸ்கோப்பின் பிரித்துக்காட்டும் திறன். வீன் கேட்ட அதே கேள்வி. நாலு வருஷம் கழித்து, தன் வாழ்நாளின் மிகப் பெரிய கட்டுரைகளில் ஒன்றில், அதே இடத்தில் மறுபடியும் இடறினார். கட்டுரையை அனுப்பியாயிற்று. போர் அதை வெளியிட வேண்டாம் என்றார். நாள் கணக்கில் சர்ச்சை. போரின் நெருக்குதல் தாங்காமல் ஒரு கட்டத்தில் கண்ணீர் விட்டு அழுததாக ஹைசன்பர்க்கே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடைசியில் கட்டுரை வந்தது. புரூஃப் திருத்தும்போது சேர்த்த ஒரு பின்குறிப்போடு வந்தது. சில முக்கியமான விஷயங்களை நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று போர் சுட்டிக்காட்டியிருக்கிறார், காமாக் கதிர் மைக்ராஸ்கோப்பில் கதிர்க்கற்றையின் விரிவைக் கணக்கில் எடுக்க வேண்டும், அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இதுதான் அந்தப் பின்குறிப்பின் சாரம்.

நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் இழுத்துவருகிற அந்தக் கட்டுரை, தன் தவறைத் தானே அச்சிட்டுக்கொண்டு வெளிவந்த கட்டுரை. எல்லாம் நிச்சயமில்லை, யாரும் யாரையும் தப்பு என்று சொல்ல முடியாது என்பதற்கு இதையா அத்தாட்சியாகக் காட்டுவது? நீ சொன்னது தப்பு என்று ஒருவர் சொல்ல, ஆமாம் தப்பு என்று மற்றவர் ஒப்புக்கொண்டதால் முழுமை பெற்ற கட்டுரை அது. விமர்சனம் சாத்தியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு நானும் ஒரு ஹைசன்பர்க் புராணம் பாடப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே மனிதர்தான் யுத்த காலத்தில் ஜெர்மனியின் யுரேனிய ஆராய்ச்சிக்கு முக்கியத் தலைவராக இருந்தார். 1941 செப்டம்பரில், ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த கோபன்ஹேகனுக்குப் போய்த் தன் பழைய ஆசானைச் சந்தித்தார். எதற்குப் போனார், என்ன சொன்னார் என்பதில் இருவர் நினைவும் ஒத்துப்போகவில்லை. இதை வைத்து மைக்கேல் ஃப்ரேய்ன் 1998-ல் ஒரு நாடகம் எழுதினார். நல்ல நாடகம். ஆனால் அதைப் படித்துவிட்டு நம் நண்பர்கள், எலெக்ட்ரானைப் போலவே மனித நோக்கமும் நிச்சயமற்றது என்று ஒரு வாக்கியத்தோடு வெளியே வருகிறார்கள். நாடகம் கிளப்பிய சர்ச்சையில், போர் எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடித வரைவுகளை அவருடைய குடும்பத்தார் 2002-ல் வெளியிட்டார்கள். ஹைசன்பர்க்கின் தலைமையில் ஜெர்மனி அணு ஆயுதம் செய்ய எல்லா முயற்சியும் எடுக்கிறது என்ற எண்ணமே தனக்கு அந்தப் பேச்சிலிருந்து ஏற்பட்டதாகப் போர் அவற்றில் எழுதியிருக்கிறார். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நமக்குத் தெரியாதது கொஞ்சம் குறைந்தது. கடிதம் கிடைத்தால் குறைகிற சந்தேகம் இயற்கை விதியாக இருக்க முடியாது. அது வெறும் அறியாமை. அறியாமைக்கு ஆவணம் தேடத்தான் வேண்டும், தத்துவப் பெயர் சூட்டக் கூடாது.

நமக்குச் சொந்தமான புராணம் ஒன்றும் உண்டு. சந்திரசேகர். 19 வயதில், 1930-ல், சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய தமிழ்ப் பையன், கப்பலிலேயே போட்ட கணக்கு. 1935 ஜனவரி 11-ம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் அவர் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்து கேலி செய்தார், சபை சிரித்தது. வெள்ளைக்காரன் தமிழனை அமுக்கினான், 1983-ல் நோபல் பரிசு வந்து பழி தீர்ந்தது. நம் பத்திரிகைகளில் இதை எத்தனை முறை படித்தாயிற்று! அதிலும் கணக்கு என்ன என்று ஒருவரும் சொன்னதில்லை.

கணக்கு இதுதான். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்குகிறது. எலெக்ட்ரான்கள் நெருக்கப்படுகின்றன. இடம் குறுகினால் உந்தம் பெருகும் என்பது நாம் மேலே பார்த்த அதே விதி. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது பௌலியின் விதி. இரண்டும் சேர்ந்து வெளிநோக்கித் தள்ளும் அழுத்தத்தைத் தருகின்றன. சுருக்கம் நிற்கிறது. ஆனால் எலெக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, அந்த அழுத்தம் எடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு நிறை. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் அந்த நிலையில் நிற்காது. நிச்சயமின்மை என்று நாம் பெயர் வைத்துக்கொண்டு கொஞ்சுகிறோமே, அதிலிருந்து பிறந்த தீர்ப்பு இது: இத்தனை நிறை தேறும், அதற்கு மேல் தேறாது. நட்சத்திரங்களுக்கே சொல்ல முடிந்திருக்கிறது. கவிதைத் தொகுப்புக்குச் சொல்லக் கூடாதாம்.

அந்த 1935 கதையில் எடிங்டன் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அவர் தப்புச் செய்தார், வெளிப்படையாகச் செய்தார். என் மனதை அறுப்பவர்கள் மற்றவர்கள். ரோசன்ஃபெல்ட், போர், பௌலி எல்லாரும் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் சொல்வதே சரி என்றார்கள். பகிரங்கமாகச் சொல்ல யாரும் முன்வரவில்லை. டிராக், பெய்ர்ல்ஸ், பிரைஸ் மூவரும் சேர்ந்து எடிங்டனின் வாதத்தை மறுத்து எழுதியது 1942-ல். ஏழு வருஷம். தனியே தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சபையில் வாயை மூடிக்கொள்வது என்பது நம் வட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. அந்தக் கூட்டத்தில், இளைஞர் உட்கார்ந்த பிறகு டீக்கடையில் அவரிடம் 'நீங்க சொன்னது சரிதான் தம்பி' என்று சொன்னவர்கள் நாலு பேர். நானும் அதில் ஒருவன்.

சந்திரசேகர் என்ன செய்தார்? தன் முடிவுகளை 1939-ல் நட்சத்திர அமைப்பு பற்றிய ஒரு புத்தகத்தில் முழுக்க எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு துறை. எடிங்டனோடு உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. 1982-ல் கேம்பிரிட்ஜில் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகள் செய்தார். அவை மறுவருஷம் புத்தகமாகின. அதன் தலைப்பிலேயே எடிங்டனை அவர் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று குறிப்பிட்டார். தன்னைப் புண்படுத்தியவரின் வேலையை அதன் எடைக்குத் தகுந்தபடி மதிப்பிட்டிருக்கிறார். நம்மில் எத்தனை பேர், தன் தொகுப்பைத் தாக்கியவரின் நல்ல கவிதையை நல்ல கவிதை என்று எழுதியிருக்கிறோம்?

அப்படியானால் கவிஞன் பௌதிகத்தைத் தொடவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகத் தொடலாம். கவிஞன் ஒரு சொல்லை எடுத்து ஆண்டால், அது கவிதையின் பொறுப்பில் நிற்கிறது. கவிதை தாங்கினால் தாங்கும், இல்லையென்றால் விழும். விமர்சகன் எடுத்து அத்தாட்சியாக வைத்தால் கதை வேறு. அங்கே அவன் தன் வாதத்துக்கு இன்னொருவரை ஜாமீன் போடச் சொல்கிறான். ஜாமீன் போட்டவர் என்ன கையெழுத்திட்டிருக்கிறார் என்று படித்துப் பார்ப்பது குறைந்தபட்ச யோக்கியதை. கணிதம் தெரியாதே என்பது சாக்கு. எனக்கும் தெரியாது. மேலே சொன்ன அளவுக்குத் தெரிந்துகொள்ளக் கணிதம் வேண்டியதில்லை. பொறுமையும், தெரிந்தவரிடம் கேட்கிற கூச்சமின்மையும் போதும்.

1983-க்கு வருகிறேன். என் கட்டுரை வந்த இரண்டாவது வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சந்தாதாரர். நுணுக்கி நுணுக்கி மூன்று பக்கமும் எழுதியிருந்தார். முதல் வாக்கியம், கட்டுரையை மிக ஆர்வத்துடன் படித்தேன் என்பது. மீதி முழுக்க என் தவறுகள். நிச்சயமின்மைக்கு அளவு உண்டு; பார்வையாளனுக்கும் அதற்கும் நீங்கள் நினைக்கிற சம்பந்தம் கிடையாது. கீழே மிச்சமிருந்த இடத்தில் லென்ஸும் அதில் விழும் கதிர்க்கற்றையும் போட்டு ஒரு படம். துளிகூட ஏளனம் இல்லாத கடிதம். பத்திரிகையை நடத்திய நண்பர், "என்ன சார், போட்டுடலாமா?" என்று கேட்டார். "இலக்கியப் பத்திரிகையில் பௌதிகப் பாடம் எதுக்கு" என்றேன். அடுத்த இதழில் வாசகர் கடிதப் பகுதியில் அவருடைய முதல் வாக்கியத்தை மட்டும் போட்டோம். சந்தா முடிந்ததும் அவர் புதுப்பிக்கவில்லை.

ஹைசன்பர்க்குக்குப் புரூஃபில் ஒரு பின்குறிப்பு சேர்க்கச் சில வாரங்கள் பிடித்தன. எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். 1983-ல் நான் எழுதியது தவறு. நிச்சயமின்மை விதி எதுவும் நிச்சயமில்லை என்று சொல்லவில்லை. பார்க்கிறவனின் மனதைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. விமர்சன அபிப்பிராயங்கள் எல்லாம் சமம் என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது. இதை அன்றே எனக்குச் சுட்டிக்காட்டியவர் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர். அவருடைய கடிதத்தை அமுக்கியவன் நான்.

அந்த இளைஞர் எழுப்பிய கேள்வி கூட்டம் கலைந்த பிறகும் அப்படியே நிற்கிறது. தொகுப்பின் அந்தப் பாதிக் கவிதைகள் தேறுமா, தேறாதா? அவர் தன் காரணங்களைச் சொல்லிவிட்டார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான் என்பதை டீக்கடையிலிருந்து இங்கே மாற்றிக்கொள்கிறேன். விமர்சகர் மறுத்து எழுத வேண்டும். கவிதைகளை வைத்து எழுத வேண்டும். எழுதினால் இந்தப் பத்திரிகை போடும் என்று நம்புகிறேன். முதல் வாக்கியத்தை மட்டுமல்ல, முழுக் கடிதத்தையும்.